வாக்கி டாக்கி வாங்கும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஹாம் ஆர்வலர்கள் இணையத்தில் பார்க்க வேண்டியவை

ஆன்லைனில் ‘வாக்கி டாக்கி’ என்று தேடினால் முதல் பக்கத்திலேயே பாஃபெங் வகை செட் ஒன்று வந்து நிற்கும். ‘10 கி.மீ. ரேஞ்ச், லைசென்ஸ் தேவையில்லை’ என்று கீழே போட்டிருந்தால் இரண்டையும் நம்பாதீர்கள். யூவி-5ஆர் போன்ற பாஃபெங் செட்டுகள் 136 முதல் 174 வரையும், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையும் பட்டனை அழுத்தினால் எங்கும் பேசும். உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம்களான நமக்கு இந்தியாவில் ஒதுக்கப்பட்டது அதில் 144–146, 434–438 மட்டும். காவல்துறை, வனத்துறை போன்ற துறைகளின் வயர்லெஸ்ஸும் அதே பரப்பில்தான் ஓடுகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோரத்தில் நின்று ஏதோ ஒரு சேனலில் ‘ஹலோ’ சொல்லிப் பார்ப்பது விளையாட்டாக முடியாது.

உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளத் தகுந்த கைச்செட் என்றால் பெரும்பாலும் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த திறனில் இயங்குவதுதான். அதற்கும் ஈடிஏ எனும் சாதன ஒப்புதல் இருக்க வேண்டும். அலைவரிசை என்ன, ஒப்புதல் உண்டா என்பதைச் சரிபார்க்காமல் ரேடியோ கருவிகளைப் பட்டியலிடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் இணைய விற்பனைத் தளங்களுக்கு வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. விற்பனைப் பக்கத்தில் அலைவரிசை எண்ணே இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஹாம் உரிமத்துக்கு விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில். 12 வயது நிறைந்தால் போதும். உரிமத்தில் இரண்டு நிலை: ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (தந்திக் குறி) தேர்வு கிடையாது. ஜெனரல் கிரேடுக்கு உண்டு. தேர்வு முடிந்து கால்சைன் (உங்களுக்கான அழைப்புக் குறி) கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் காசு போடாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் கேட்டுப் பழகுங்கள். நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர் எனும் இணைய ரிசீவர், 29 மெகாஹெர்ட்ஸ் வரையான சிற்றலை முழுவதையும் உலாவியிலேயே காட்டும். ஆனால் அங்கே கேட்பது ஐரோப்பாவின் வானம். நம் ஆட்கள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் பல நாட்டு இணைய ரிசீவர்களைக் காட்டும் கிவிஎஸ்டிஆர் (KiwiSDR) வரைபடத்தைத் திறந்து இந்தியாவிலோ பக்கத்து நாட்டிலோ உள்ள ரிசீவரைத் தேர்ந்தெடுங்கள். காலையில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மெதுவாகத் திருப்புங்கள். பேச்சுக்கான மோடு, 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி (LSB, கீழ்ப்பக்கப் பட்டை), மேலே யூஎஸ்பி (USB, மேல்பக்கப் பட்டை). பேச்சு வாத்துக் குரலில் கேட்டால் மோடு தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம்.

சொந்தமாக ஒன்று வேண்டுமென்றால் கணினியில் செருகிக் கேட்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (RTL-SDR) டாங்கிள் நல்ல தொடக்கம். இதில் போலிகள் ஏராளம், பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தயாரிப்பாளரின் தளம் சுட்டும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். அதன் வி4 பதிப்பை வாங்கினால் அதற்குரிய புதிய டிரைவர் வேண்டும். பழைய டிரைவரில் போட்டு ‘ஒன்றும் வரவில்லை, டூப்ளிகேட்’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. விண்டோஸில் டிரைவர் மாற்றும் ஸாடிக் (Zadig) மென்பொருளைத் திறந்து ‘பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0’ என்பதை மட்டும் மாற்றுங்கள். கீபோர்டு, மவுஸ் டிரைவரில் கை வைத்தால் அன்றைய வேலை அதோடு சரி. யூடியூப் வீடியோக்களின் கீழே கொடுக்கும் அலிஎக்ஸ்பிரஸ் இணைப்புகளை நம்பி உட்கார வேண்டாம். அந்தச் செயலிக்கு இங்கே 2020 நவம்பரிலிருந்து தடை.

இனி, அதிகம் பேர் ஏமாறும் இடம்: கேபிள். செட்டுக்குப் பத்தாயிரம் போடுகிறவர்கள்கூடக் கேபிளில் மீட்டருக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பார்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் சுமார் 6 டெசிபல் தின்றுவிடும். 5 வாட் அனுப்பினால் மாடியில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது ஒன்றேகால் வாட். அதே நீளம் ஆர்ஜி-213 என்றால் பாதியளவாவது மேலே போகும். 7 மெகாஹெர்ட்ஸில் இந்த இழப்பு மிகக் குறைவு, அங்கே ஆர்ஜி-58 தாராளமாகப் போதும். வாங்கிய கேபிளின் நுனியை உரித்து நடுக்கம்பியருகே ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. வெளிவலையைக் கலைக்காமல் அப்படியே பாருங்கள்; உள்ளே இருக்கும் வெள்ளைக் காப்பு பளிச்சென்று தெரிந்தால் வலை மலிவு. கேபிள், கனெக்டர் வகையறாவை ஆன்லைனில் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகள் பக்கம்தான், நேரில் உரித்துப் பார்த்து வாங்கலாம்.

கனெக்டரிலும் ஒரு கண்ணி. யூவி-5ஆர் செட்டின் தலையில் இருப்பது எஸ்எம்ஏ எனும் சிறு திருகு கனெக்டரின் ஆண் முனை, அதற்குப் பெண் முனை ஆன்டெனா வேண்டும். யேசு (Yaesu) நிறுவனக் கைச்செட்டுகளில் இது நேரெதிர். வைஃபை ரவுட்டருக்கான ஆர்பி-எஸ்எம்ஏ வந்துவிட்டால் மரை ஏறும், நடு ஊசி தொடாது. அப்படியே பட்டனை அழுத்தினால் செட்டின் பவர் டிரான்சிஸ்டருக்குத்தான் கேடு.

‘8 வாட், 10 வாட்’ விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். 5 வாட்டுக்கும் 8 வாட்டுக்கும் வித்தியாசம் 2 டெசிபல்தான், எதிர்முனையில் காதுக்கே தெரியாது. ஓசூர் பெங்களூருவோடு சேர்ந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் விஎச்எஃப் (144–146 மெகாஹெர்ட்ஸ்) எளிதாகப் போகும். தருமபுரி, அரூர், பாலக்கோடு எல்லாம் கீழே. நடுவில் குன்று நின்றால் வாட் ஏற்றி ஒரு பயனும் இல்லை. ஆன்டெனாவை மூன்று மீட்டர் உயர்த்துவது அதைவிட அதிகம் தரும்.

சிற்றலைக்கு ஆன்டெனாவை விலைக்கு வாங்குவது வீண். 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) 1.5 சதுர மி.மீ. வீட்டு வயரிங் கம்பி இருந்தால், நடுவில் கேபிள் இணைத்து இருபக்கமும் கம்பி நீட்டும் டைபோல் ஆன்டெனா தயார். மொத்த நீளம் மீட்டரில், 142.6-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும்: 7.1-க்கு 20.1 மீட்டர், பக்கத்துக்குப் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பக்கத்துக்கு 10.3 மீட்டர் வைத்துத் தொடங்குங்கள். நடுவை எட்டு, பத்து மீட்டர் உயரத்தில் கட்டி இரு நுனிகளையும் மாமரத்துக்கோ தென்னைக்கோ இழுத்துவிட்டால் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், கேரளம் பகலில் நன்றாகக் கேட்கும். இன்னும் உயரம் வேண்டும் என்று ஏங்க வேண்டாம். பக்கத்து மாநிலத் தொடர்புக்கு இந்த உயரம்தான் வசதி.

அளந்து பார்க்க நானோ விஎன்ஏ (NanoVNA) வாங்குங்கள்; ஆன்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று காட்டும் கருவி இது. செட்டுக்கு முன்பே வாங்க வேண்டிய கருவி என்றால் இதுதான். அளக்கப்போகும் அலைவரிசை எல்லையை முதலில் வைத்துவிட்டு ஓப்பன், ஷார்ட், லோடு எனும் மூன்று சோதனை முனைகளையும் போட்டுக் காலிபரேட் செய்ய வேண்டும். எல்லையை மாற்றினால் மறுபடியும். இதைச் செய்யாமல் வரும் எஸ்டபிள்யூஆர் (SWR, ஆன்டெனா பொருத்தத்தின் அளவு; குறைந்தால் நல்லது) எண்ணைப் பார்த்துக் கம்பியை வெட்டித் தள்ளுவதுதான் வழக்கமான கோளாறு. 10.3 மீட்டரில் எஸ்டபிள்யூஆர் கோட்டின் பள்ளம் 6.9 மெகாஹெர்ட்ஸில் தெரிந்தால் கம்பி நீளம் அதிகம். 10.3-ஐ 6.9-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 10.01, பக்கத்துக்கு 29 செ.மீ. குறைக்க வேண்டும். உடனே வெட்டாமல் மடித்து முறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளக்கும்போது அந்த ஆன்டெனாவில் யாரும் டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது, கருவி போய்விடும்.

கம்பி சுற்றப் பயன்படும் ஃபெரைட் காந்தப்பொருள் வளையங்களிலும் போலி உண்டு. எஃப்டி240-43 என்று வந்த வளையத்தில் 10 சுற்று சுற்றி, அரை மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அதே விஎன்ஏவில் பாருங்கள்: சுமார் 107 மைக்ரோஹென்றி காட்ட வேண்டும், 20 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். இருபதுக்குக் கீழே காட்டினால் உங்களுக்கு வந்தது வேறு கலவை. ஐஆர்எஃப்510 போன்ற டிரான்சிஸ்டர்களுக்கு இப்படி எளிய சோதனை இல்லை, பெயர் உள்ள உதிரிபாகக் கடையில் பில்லோடு வாங்குங்கள்.

கைச்செட்டைக் கணினியில் இணைத்து சேனல்களைப் பதிய (புரோகிராம் செய்ய) சர்ப் (CHIRP) மென்பொருள் இலவசம். மலிவு புரோகிராமிங் கேபிள்களில் போலி புரோலிஃபிக் சிப் இருக்கும், விண்டோஸின் புதிய டிரைவர் அதை ஏற்காது. எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சிப் என்று எழுதியதைப் பாருங்கள். முதல் வேலையாக ‘டவுன்லோடு ஃப்ரம் ரேடியோ’ கொடுத்து அந்தக் கோப்பை அப்படியே சேமித்து வையுங்கள். கேட்க மட்டும் வேண்டிய சேனல்களில் டூப்ளெக்ஸ் கட்டத்தில் ‘ஆஃப்’ போட்டால், அந்தச் சேனலில் பட்டனை அழுத்தினாலும் செட் பேசாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது கட்டாயம்.

பழைய செட்டு வாங்குவோர் விற்பவரின் கால்சைனைக் கேளுங்கள், உங்கள் உரிமத்தையும் காட்டுங்கள். முன்பணம் கேட்டால், ஒரு தாளில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, செட்டின் பக்கத்தில் வைத்து சீரியல் எண் தெரியப் படம் அனுப்பச் சொல்லுங்கள். இணையத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவருக்கு அது முடியாது. வீடியோ அழைப்பில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சுமை) மாட்டி ஒவ்வொரு பேண்டிலும் பவர் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். 100 வாட் எச்எஃப் (சிற்றலை) செட்டு 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எல்இடி போர்டுக்கு விற்கும் மலிவு எஸ்எம்பிஎஸ் (SMPS) பவர் சப்ளையை அதற்குப் போட்டால் 7 மெகாஹெர்ட்ஸ் முழுக்க இரைச்சல்தான். சந்தேகம் வந்தால் செட்டை பேட்டரியில் ஓட்டிவிட்டு வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுத் தேடலாம்.