பிரைன் என்பதற்குத் தமிழில் உப்பூறல்

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். அன்று மேசைக்கு வரும் முழு வான்கோழிக்கான வேலை முந்தின நாளே, சில வீடுகளில் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். பெரிய பாத்திரத்தில் உப்பைக் கரைத்து, பறவையை அதில் முழுக அமிழ்த்தி, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். இதற்குத்தான் பிரைன் என்று பெயர். அந்தத் தண்ணீருக்கும் அதே பெயர், அதில் ஊறவைக்கும் செயலுக்கும் அதே பெயர். தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'பிரைன் செய்து' என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். எழுத்தில் அது மூளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு குழம்புகிறது. நல்ல தமிழ்ச் சொல்லைத் தேடினால், பாதிச் சொல் நம் ஊறுகாய்ச் சாடியிலேயே இருக்கிறது.

பிரைன் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். டச்சு மொழியிலும் அதற்கு உறவுச் சொல் உண்டு. உப்பு மிகுந்த நீர் என்பதே அடிப்படைப் பொருள். அதனால் கடல்நீரையும் குறிக்கும், சமையல்கட்டில் கரைத்த நீரையும் குறிக்கும். மாரினேட் என்ற சொல்லும் கடலிலிருந்து வந்ததுதான். லத்தீனில் 'மாரே' என்றால் கடல். இன்று மசாலா, தயிர், எலுமிச்சை தடவி ஊறவைப்பதை அப்படிச் சொல்கிறோம், ஆனால் தொடக்கத்தில் அதுவும் உப்புநீரில் போட்டு வைப்பதையே குறித்தது.

சரி, தமிழுக்கு வருவோம். முதலில் நினைவுக்கு வருவது உவர்நீர். உவர், உவர்ப்பு, உப்பு எல்லாம் ஒரே குடும்பம், அழகான சொல். ஆனால் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்து நீரைத்தான் இன்று உவர்நீர் என்கிறோம். உவர்நீர் இறால் வளர்ப்பு என்ற வழக்கே இருக்கிறது. அது கடலைவிட உப்புக் குறைந்த நீர். கடல்நீரில் லிட்டருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கும். வான்கோழிக்குக் கரைக்கும் நீரில் 50 முதல் 60 கிராம் வரை போகும். கடலைவிடக் கரிக்கும் நீருக்குக் கடலைவிடக் கரிப்புக் குறைந்த நீரின் பெயரை வைக்க முடியாது. உப்புக்கரைசல் என்றால் வேதியியல் ஆய்வகம் நினைவுக்கு வருகிறது. உப்புநீர் பரவாயில்லை, ஆனால் ஊர்க் கிணற்றில் ஊறும் உப்புத்தண்ணீரும் அதுதான். செயலையும் அது சொல்வதில்லை. உப்புக்கண்டம் முற்றிலும் எதிர்த்திசை. அங்கே உப்பும் வெயிலும் சேர்ந்து இறைச்சியின் நீரை வெளியேற்றிக் காய வைக்கின்றன.

பிரைனில் நீர் உள்ளே போக வேண்டும். ஏன் போகிறது என்பதைப் பலர் சவ்வூடு பரவல் (உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வு வழியே நீர் நகர்வது) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது மட்டும்தான் காரணம் என்றால், உப்பு மிகுந்த வெளிநீர் இறைச்சியிலிருந்து நீரை இழுக்கத்தானே வேண்டும்? உண்மையில் உப்பு மெல்ல உள்ளே பரவி, மயோசின் போன்ற தசைப் புரதங்களில் ஒரு பகுதியைக் கரைக்கிறது. இறுகிக் கிடந்த இழைகள் நெகிழ்ந்து உப்புகின்றன, நீரைப் பிடித்துக்கொள்கின்றன. (வீங்குகிற உப்பும் கரிக்கிற உப்பும் வேறு வேறு சொற்கள்தான், ஆனாலும் இரண்டும் இங்கே வந்து சந்திப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.) உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்ற பழமொழி இறைச்சிக்கும் பொருந்துகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு வரை நீர் ஏறலாம். வேகும்போது ஏறத்தாழ 20 விழுக்காடு எடை குறையும் என்பதால், இந்தக் கூடுதல் நீர் இழப்பில் பாதியை ஈடுகட்டிவிடும். தொடை வேகும்வரை காத்திருந்தால் கொழுப்பில்லாத நெஞ்சுக்கறி சக்கையாகிவிடுவதுதான் வான்கோழியின் பெருந்தொல்லை. 110 முதல் 135 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காகப் புகையூட்டும்போதும் உலர்ந்துபோகும் அச்சம் உண்டு. அதற்குத்தான் இத்தனை பாடு.

இப்போது 'ஊறு' என்ற வினையைப் பாருங்கள். அரிசி தண்ணீரில் ஊறுகிறது, அதாவது நீர் உள்ளே போகிறது. கிணற்றில் நீர் ஊறுகிறது, நாவில் எச்சில் ஊறுகிறது. அங்கே உள்ளிருந்து சுரக்கிறது. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே சொல். மாவடு போடும்போது இரண்டும் நடக்கும். தண்ணீர் ஊற்றாமல் உப்பில் குலுக்கி வைத்தாலே நீர் தானாக விட்டு, அந்த நீரிலேயே வடு ஊறும்.

இதே வேலைதான் அமெரிக்காவில் இப்போது பலர் விரும்பும் டிரை பிரைனிலும் நடக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் ஜூனி கஃபே உணவகத்தின் ஜூடி ராட்ஜர்ஸ் கோழிக்குச் செய்த முறை அது, பிறகு வான்கோழிக்கும் பரவியது. வெறும் உப்பைத் தடவி இரண்டு மூன்று நாள் குளிரில் வைப்பார்கள். சாறு வெளியே கசிந்து, உப்பைக் கரைத்து, மறுபடி உள்ளே போகும். தோலும் ஈரமில்லாமல் மொறுமொறுவென்று வரும். ஆங்கிலத்தில் 'உலர் உப்புநீர்' என்பது முரணாக நிற்கிறது. தமிழில் 'உலர் உப்பூறல்' என்றால் எந்த முரணும் இல்லை.

ஆகவே என் தேர்வு உப்பூறல். உப்பும் ஊறலும் சேர்ந்தது, புணர்ச்சியும் விதிப்படி அமைகிறது. செய்தித்தாளில் 'சாராய ஊறல் அழிப்பு' என்று படித்துப் பழகியவர்களுக்கு ஊறல் என்றதும் சற்றுத் தயக்கம் வரலாம்; முன்னால் உப்பு நிற்பதால் குழப்பம் வராது. மசாலா தடவுவதை மசாலா ஊறல் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் தெளிவாகப் பிரியும். நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்தும் கியூரிங் வேறு, அதற்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது.

குறிப்பு எழுதும்போது இப்படி வரும்: "லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கரைத்து உப்பூறல் தயாரிக்கவும். வான்கோழியை 12 முதல் 24 மணி நேரம், 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் உப்பூறலில் வைக்கவும். கடையிலேயே உப்புநீர் ஏற்றி விற்கும் வான்கோழி என்றால் உப்பூறல் வேண்டாம், கரித்துவிடும். அப்புறம் எடுத்துத் துடைத்து, நெஞ்சுக்கறியின் நடுவில் 74 டிகிரி வரும்வரை சுடவும்."