கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் பாலிசி என்ன ஆகும்?

நான் காப்பீட்டு முகவர். இராமநாதபுரத்தில் இருந்துகொண்டு பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று கடலோரமாகவே அலைகிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தவணை கட்டாம விட்டுப்போச்சு தம்பி, பாலிசி போயிருச்சா?"

ஏன் ஜூன் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் வருமானம் நின்றுவிடும். அந்த நேரத்தில் தவணை வரும் பாலிசிகள்தான் அதிகம் காலாவதியாகின்றன. ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு 30 நாளும் மாதத் தவணைக்கு 15 நாளும் சலுகைக்காலம் உண்டு. அதற்குள் உயிரிழப்பு நேர்ந்தாலும், கட்டவேண்டிய தவணையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். அதுவும் தாண்டினால் லேப்ஸ், அதாவது பாலிசி காலாவதி. வழக்கமான பாலிசியை 5 ஆண்டுக்குள் பாக்கி, வட்டி, உடல்நல உறுதிமொழியோடு புதுப்பிக்கலாம். ஆனால் இடைப்பட்ட நாளில் ஏதாவது நடந்தால் முழுத்தொகை வராது. அதனால்தான் புதிதாக எடுப்பவர்களிடம் ஆகஸ்டில் தொடங்குங்கள் என்கிறேன். தொடங்கிய தேதியை ஒட்டித்தான் ஆண்டுதோறும் தவணை வரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அக்கா பாலிதீன் பையில் பாலிசிப் பத்திரத்தைச் சுற்றி எடுத்து வந்தார். கணவர் கடலுக்குப் போய் ஐந்து மாதம். உடல் கிடைக்கவில்லை, இறப்புச் சான்றிதழும் இல்லை. இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. "இல்லாத ஆளுக்கு நான் எதுக்குப் பணம் கட்டணும்?" என்று கேட்டார்.

கட்டத்தான் வேண்டும் என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 111ஆம் பிரிவு. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை பாலிசி உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் தவணையை நிறுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. தவணையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நிறுவனத்திடம் மனுவும் கொடுத்து வைக்கலாம். படகு கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தால், 7 ஆண்டு காத்திருக்காமல் உடனே நிறுவனத்திடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். போலீஸ் புகார் நகல், கடலுக்குப் போக வாங்கிய மீன்வளத் துறை டோக்கன், கூடப் போனவர்களின் வாக்குமூலம் எல்லாம் முதல் வாரத்திலேயே கைக்கு வரவேண்டும். நாள் ஆக ஆக ஒவ்வொன்றாக நழுவும்.

மீனவர்களுக்கென்றே ஒரு குழு விபத்துக் காப்பீடும் இருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வருவது. விபத்து மரணத்துக்கு 5 லட்சம், பிரீமியம் முழுவதும் அரசுகளே கட்டுகின்றன. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்று எழுதிவிடும் முகவர்கள் உண்டு. அது தவறு. கடல் தொழில் என்றே எழுதச் சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பாலிசி தொடங்கி, இடையில் புதுப்பித்திருந்தால் புதுப்பித்த நாளிலிருந்து, 3 ஆண்டு ஆனபின் நிறுவனம் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் கிளைம் வந்தால் ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பார்கள். அப்புறம் நாமினி, அதாவது நமக்குப்பின் பணத்தைப் பெறுபவர். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள், மனைவிக்கும் பங்கு போகவேண்டும் என்று நினைத்தால் இப்போதே மாற்றுங்கள்.

வீட்டுக் காப்பீட்டுக்கு வருவோம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனாலும் வங்கிக்கடன் இல்லாத வீட்டுக்கு இங்கே காப்பீடு எடுப்பவர் மிகக் குறைவு. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரி பாலிசியைத் தருகின்றன. தீ, புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அதில் அடங்கும். காப்புத் தொகை வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான், மனை விலைக்கு இல்லை. கடல் அரிப்பு அதில் வராது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்வதும் வராது. கூரை வீடென்றால் மறைக்காமல் சொல்லி, கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

கிளைமை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

மே மாதம் நெருங்கினால் நான் வீடு வீடாகப் போய்ச் சொல்வது ஒன்றுதான். வங்கிக் கணக்கில் 456 ரூபாய் இருக்கட்டும். பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு 436, சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20. மே 31க்குள் எடுப்பார்கள். தடைக்காலத்தில் கணக்கு காலியாகக் கிடந்தால், ஜூன் 15ஆம் தேதி படகு ஏறும்போது அந்த இரண்டு காப்பீடும் இருக்காது.