கியர் பாக்ஸ்: பற்சக்கரப் பெட்டியா, செலுத்தமா?

கோலாலம்பூரின் செந்தூல் பக்கத்துக் கார் பட்டறைகளில் ‘கியர் பாக்ஸ் இறக்க வேண்டும்’ என்றால் எவருக்கும் விளங்கும். மலாயில் அது ‘கோத்தாக் கியர்’. தமிழில் எழுதும்போதுதான் கை தயங்குகிறது.

‘கியர்’ என்னும் ஆங்கிலச் சொல், கருவி, உடை, தளவாடம் ஆகியவற்றைக் குறித்த பழைய நோர்சுச் சொல்லிலிருந்து வந்தது. பல் வைத்த சக்கரம் என்ற பொருள் பின்னர் சேர்ந்தது. அதற்குப் ‘பல்லிணை’ என்ற கலைச்சொல் வழங்கினாலும், அதைப் ‘பல இணைகள்’ என்றும் படிக்க இடமுண்டு. ‘பற்சக்கரம்’ என்றால் பற்பசை, பற்பொடி போல, பல் என்பது ஐயமின்றித் தெரிகிறது. ஆகவே கியர் பாக்ஸ் என்பதைப் பற்சக்கரப் பெட்டி என்பதே சரி.

‘டிரான்ஸ்மிஷன்’ அதனினும் விரிந்த சொல். இலத்தீனில் அதன் வேர்ப்பொருள் அப்பால் அனுப்புதல். ‘கடத்தல்’ என்று பெயர்த்தால் நாளிதழ் படிப்பவருக்குக் குற்றச்செய்திதான் நினைவுக்கு வரும். வண்டியைச் ‘செலுத்துகிறோம்’ அல்லவா? அந்த வினையடியில் பிறந்த ‘செலுத்தம்’ இங்கு இயல்பாகப் பொருந்துகிறது.

டீசல் பிக்கப்பில் இந்த வேறுபாடு முக்கியமானது. கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் டொயோட்டா ஹைலக்ஸில் எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் முள்ளைக் கவனித்தால், குறைந்த சுழற்சியிலேயே எஞ்சின் பெரும் முறுக்குவிசையை, அதாவது அச்சைச் சுழற்றும் வலுவை, தருவது தெரியும். ஆனால் அந்த வலு குறுகிய சுழற்சி எல்லைக்குள் அடங்கியது என்பதால், ஏற்றத்திலும் சமவெளியிலும் எஞ்சினை அந்த எல்லைக்குள் நிறுத்திவைப்பது செலுத்தத்தின் வேலை. ஆஸ்திரேலியாவில் 2020 முதல் விற்கப்பட்ட 2.8 லிட்டர் ஹைலக்ஸ் தானியங்கிச் செலுத்தத்துடன் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், கையால் மாற்றும் வகையில் 420 நியூட்டன் மீட்டரும் தந்தது. எஞ்சின் ஒன்றே.

அமெரிக்கக் கனரகப் பிக்கப்புகளில் இது இன்னும் தெளிவு. 2001இல் ஜெனரல் மோட்டார்ஸின் டூராமாக்ஸ் டீசல் எஞ்சினுடன் சேர்ந்த, ஆலிசன் பெயர் தாங்கிய செலுத்தத்துக்கு ஐந்து வேகநிலைகள், 2020இல் பத்து. அந்தத் தானியங்கி அமைப்பில் எஞ்சின் வலுவை எண்ணெய் வழியே செலுத்தும் முறுக்குவிசை மாற்றி, நடுச்சக்கரத்தைச் சுற்றி மற்றவை அமைந்த கோளமைப்புப் பற்சக்கரங்கள், அழுத்த எண்ணெய் யாவும் சேர்ந்தே இயங்குவதால், அதை வெறும் பெட்டி என்பது பொருந்தாது. ‘ஆட்டோ கியர்’ என்று நாம் சொல்வதைத் தமிழில் ‘தானியங்கிச் செலுத்தம்’ என்றே எழுதலாம். அதற்குள் இருக்கும் சக்கரங்கள் மட்டுமே பற்சக்கரங்கள்.