பகா எண்

2147483647. நம் வழக்கப்படி வாசித்தால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. கடைசி இலக்கம் 7, ஆகவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 46, அதனால் 3ஆலும் போகாது. சரி, 7? ஒன்று மீதி. 11? மறுபடியும் ஒன்று மீதி. இப்படி எதைக் கொண்டு வகுத்தாலும் ஏதாவது மிஞ்சும். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடுகிற, ஒன்றைவிடப் பெரிய முழு எண்ணைத்தான் பகா எண் என்கிறோம். பேச்சில் 'பிரைம் நம்பர்'.

'பகு' என்றால் பிரி, பங்கிடு. பகுதி, பகிர்வு எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை. பகாத எண் என்பதில் 'த' விழுந்து பகா எண் ஆனது. செல்லாத காசு செல்லாக் காசு ஆவதுபோல, இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வகுபடுகிற எண் பகு எண்.

இந்தச் சோடி கணக்குப் பாடத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே இலக்கணத்தில் இருந்தது. நன்னூலின் பதவியலில் பகுபதம், பகாப்பதம் என்று படித்திருப்போமே, அதேதான். 'உண்டான்' என்பது உண் + ட் + ஆன் என்று பிரியும். 'உண்' அதற்கு மேல் பிரியாது. பிரித்தால் மிஞ்சுவது பொருளில்லாத வெறும் எழுத்துகள். 12ஐ 2 × 2 × 3 என்று உடைத்த பிறகு 2உம் 3உம் உடையாமல் நிற்பதும் இதே மாதிரிதான். எனக்கு இந்த ஒப்புமை புரிந்த நாளில்தான் காரணிப்படுத்தல் என்றால் என்னவென்று உண்மையாகவே புரிந்தது.

ஆங்கிலத்தின் 'பிரைம்' லத்தீனில் முதல் என்று பொருள்படும் 'பிரிமுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பண்டைய கணித அறிஞர் யூக்ளிட் கிரேக்கத்தில் எழுதிய 'புரோட்டோஸ்' என்பதற்கும் அதே பொருள். மற்ற எண்கள் இவற்றைப் பெருக்கிப் பிறப்பதால் இவை முதல். இலங்கைப் பாடநூல்களின் 'முதன்மை எண்' இந்தக் கருத்தைத் தழுவியது. அதுவும் நல்ல சொல்தான். ஆனால் என்ன சோதிக்க வேண்டும் என்பதைப் 'பகா' தன் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. அதனால் என் ஓட்டு பகா எண்ணுக்கே.

அந்தச் சோதனையை 2147483647க்குச் செய்து முடித்தவர் சுவிஸ் கணித அறிஞர் லியோனார்ட் ஆய்லர். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். இது இரண்டு எண்களின் பெருக்கமாக இருந்தால், அவற்றில் சிறியது 46,340ஐத் தாண்டாது. ஏனென்றால் இதன் வர்க்கமூலம் அதற்குச் சற்றே மேல். அந்த எல்லைக்குள்ளும் எல்லா எண்ணையும் முயல வேண்டியதில்லை. இதை வகுக்கக்கூடிய பகா எண் ஏதாவது இருந்தால், அது 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருவதாகத்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் காட்டினார். அப்புறம் அந்த வகை எண்களை மட்டும் எடுத்து வகுத்துப் பார்த்தார். ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை. 1772இல் இது பகா எண்தான் என்பது உறுதியானது. அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது.

எழுதும்போது ஒன்று: பகா எண்ணில் ஒற்று வராது, அடுத்து வல்லினம் வந்தால் மிகும். பகாக் காரணி என்பதே சரி, 'பகா காரணி' பிழை.