பிரசவத்தில் தவறு நடந்ததா? முதலில் கேஸ் ஷீட்டை வாங்குங்கள்

தாயோ குழந்தையோ பாதிக்கப்பட்ட வீட்டில் பெரும்பாலும் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரிதான் இருக்கும். அது ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த சுருக்கம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் வாயால் கேட்டால், "டாக்டர் ஊரில் இல்லை", "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று அலையவிடுவார்கள். கோர்ட் ஆர்டர் தேவையே இல்லை. மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தாய் உயிரோடு இருந்தால் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். கணவர் மட்டும் போட்டால், அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

"எல்லா ஆவணமும்" என்று எழுதினால் நாலு தாள்தான் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: பிரசவம் எப்படி முன்னேறியது என்பதை நேரவாரியாகக் குறிக்கும் பார்ட்டோகிராம், குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் சி.டி.ஜி. தாள், வலி வர ஏற்றிய ஆக்ஸிடோசின் டிரிப்பின் அளவும் நேரமும், நர்ஸ் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, பிறந்தவுடன் குழந்தையின் நிலையை அளக்கும் அப்கார் மதிப்பெண். டாக்டரை எப்போது கூப்பிட்டார்கள், எப்போது வந்தார் என்பது பெரும்பாலும் நர்ஸ் குறிப்பில்தான் தெரியும். சி.டி.ஜி. தாளில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

இறப்பு நேர்ந்திருந்தால் உடலை வாங்கும் முன்பே போலீசில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அந்த நேரத்தில் இது கொடுமையான வேலைதான். ஆனால் தகனம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி எழுதிய காரணத்தை மறுக்க ஆதாரம் கிடைப்பது அரிது. ஆஸ்பத்திரியில் நீட்டுகிற "ஆட்சேபணை இல்லை" தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பலர் ஏமாறுகிற இடம் இனிதான். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் டாக்டரை எச்சரிக்கலாம், பதிவை நிறுத்தி வைக்கலாம், இழப்பீடு தராது. நர்ஸ், மருத்துவச்சி மீதான புகார் வேறு கவுன்சிலுக்குப் போக வேண்டும். போலீசோ, 2005-இல் உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னபடி, இன்னொரு மருத்துவரின் கருத்துக்குக் காத்திருக்கும். இந்த முடிவுகளுக்காகக் காத்திருந்தே, இழப்பீடு கேட்க வேண்டிய இடமான நுகர்வோர் ஆணையத்துக்கான 2 ஆண்டுக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். மற்ற புகார்கள் நிலுவையில் இருப்பதால் அந்தக் கெடு நிற்காது. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதை நம்பி இருக்காதீர்கள்.

ஆணையக் கட்டணத்துக்குப் பயந்தும் பலர் பின்வாங்குகிறார்கள். நீங்கள் கட்டிய பில் தொகையைப் பார்த்துத்தான் கட்டணம், கேட்கும் இழப்பீட்டைப் பார்த்து அல்ல. பில் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். டாக்டரோடு ஆஸ்பத்திரியையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். நர்சின் தவறுக்கும் ஆஸ்பத்திரி பொறுப்பு. கட்டணம் பில் தொகையைப் பொறுத்தது என்பதால் ஒரு ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது. அங்கே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேஸ் ஷீட் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. பிறகு உயர் நீதிமன்றம் போகலாம், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். மனித உரிமை ஆணையத்துக்குக் கெடு 1 ஆண்டுதான்.