எலக்ட்ரான் நாட்டம்

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் போன சனிக்கிழமை தோ பாயோ வீட்டுக்கு வந்திருந்தாள். வேதியியல் குறிப்பேட்டில் 'எலக்ட்ரான் அஃபினிட்டி' என்பதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தாள். "மாமா, இதுக்குத் தமிழ் என்ன?" என்றாள். சிங்கப்பூரில் வேதியியல் ஆங்கிலத்தில்தான். அப்படிப் படிக்கிற பிள்ளை இதைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

தமிழ்நாட்டில் 'எலக்ட்ரான் நாட்டம்', இலங்கையில் 'இலத்திரன் நாட்டம்'. வாயு நிலையில் தனித்திருக்கும் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது நிகழும் ஆற்றல் மாற்றம்தான் அது. ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு) குளோரின் அணுக்கள் இப்படி ஏற்றால் சுமார் 349 கிலோஜூல் வெளியேறும். வெளியேறுவதால் அவள் பாடத்தில் −349 என்று எழுதுகிறார்கள். சில நூல்களில் அதே அளவு +349 என்று இருக்கும். குறியைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

'எலக்ட்ரான்' என்ற பெயரை 1891இல் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி வைத்தார். அதன் வேர், இறுகிப்போன மரப்பிசினான அம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'அஃபினிட்டி'யின் கதை இன்னும் அழகு. லத்தீனில் 'அஃபினிஸ்' என்றால் எல்லையை ஒட்டியவர். அப்புறம், திருமணத்தால் உறவானவர். நம்முடைய கொண்டான் கொடுத்தான் உறவேதான்! எந்தப் பொருள் எதனோடு சேரும் என்பதைச் சொல்ல வேதியியலார் அந்த உறவுச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

'நாட்டம்' என்பது 'நாடு' என்ற வினையிலிருந்து வந்தது. பழந்தமிழில் அதற்குக் கண் என்றும் பொருள் உண்டு. பார்வை போகிற பக்கம் மனமும் போகிறது, இல்லையா? சொல் எனக்குப் பிடித்தமானது. ஆனால் அவள் ஆக்சிஜனைக் காட்டினாள். முதல் எலக்ட்ரானை ஏற்கையில் 141 கிலோஜூல் வெளியேறுகிறது. அப்போது அது எதிர்மின்சுமை கொண்ட எதிரயனி ஆகிவிடுவதால் இரண்டாவது எலக்ட்ரானை விலக்கித் தள்ளும். வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். "தள்ளுறதுக்கும் நாட்டமா, மாமா?" நியாயமான கேள்வி. பெயர் 'நாட்டம்' என்றே இருக்கட்டும். விளக்கும்போது 'எலக்ட்ரான் ஏற்பு ஆற்றல்' என்று சொன்னால் குழப்பம் வராது என்பது என் கருத்து.

இதை 'எலக்ட்ரான் கவர்தன்மை'யோடு மட்டும் கலந்துவிடக் கூடாது. அது, பிணைப்பில் பங்கிட்ட எலக்ட்ரான்களை அணு தன் பக்கம் இழுக்கும் திறன். அதில் ஃபுளோரின்தான் முதலிடம். நாட்டத்தில் ஃபுளோரினுக்கு 328 கிலோஜூல்தான், குளோரினைவிடக் குறைவு. அணு மிகச் சிறியது, உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களின் நெரிசல் புதிதாக வருவதைத் தள்ளுகிறது.