டீசல் பற்றிக்கொள்வதற்கு முன்னால்

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருந்தார்: "தாத்தா வாங்கிப்போட்ட ஆயில் இன்ஜின் எந்த டீசலை ஊத்தினாலும் டுப்பு டுப்புனு ஓடுது. என் டிராக்டர் மட்டும் மார்கழிக் காலையில ஸ்டார்ட் பண்ணா கடகடன்னு தட்டுது, வெள்ளையா புகை விடுது. கோளாறு டீசல்லயா, இன்ஜின்லயா?"

இதில் டீசலைத் தனியாக, இன்ஜினைத் தனியாகப் பார்க்க முடியாது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை என்பது தெரிந்ததுதான். பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நசுக்க, அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பீய்ச்சுகிறது, பற்றிக்கொள்கிறது. ஆனால் பீய்ச்சிய உடனே பற்றுவதில்லை, எனக்குப் பிடித்த இடமே இதுதான். துளி ஆவியாகி, காற்றோடு கலந்து, மூலக்கூறு உடையத் தொடங்கும்வரை ஒரு சின்னத் தாமதம். அதற்குள் நாசில் சும்மா இருக்காது, பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தாமதம் நீண்டால் உள்ளே சேர்ந்த டீசல் ஒட்டுமொத்தமாகக் குப்பென்று பற்றி பிஸ்டன் தலையில் சம்மட்டியாக இறங்கும். நீங்கள் கேட்கிற கடகட அதுதான்.

இந்தத் தாமதத்தை அளப்பதுதான் சீட்டேன் எண், எண் கூடக் கூடத் தாமதம் குறையும். சீட்டேன் என்பது 16 கார்பன் அணுக்கள் சரமாகக் கோத்த மூலக்கூறு, அதற்கு 100. அதே 16 கார்பனையும் அதே 34 ஹைட்ரஜனையும் கிளை கிளையாகப் பிரித்து அடுக்கினால் கிடைக்கும் ஐசோசீட்டேனுக்கு வெறும் 15! சரக்கு ஒன்றேதான், கோத்த விதம் மட்டும் வேறு. சரம் எளிதில் உடைகிறது, கிளை அடம்பிடிக்கிறது. இன்று பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலுக்கு இது குறைந்தது 51 இருக்க வேண்டும். (பெட்ரோல் தானாகப் பற்றாமலிருக்கத் தயாரிக்கப்படுவது. அதைக் கொஞ்சம் டீசலில் கலந்தால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், எண் இன்னும் இறங்கும்.)

சரி, தாத்தா இன்ஜினுக்கு ஏன் கவலையில்லை? ஒரு கணக்குக்குத் தாமதம் ஒரு மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் ஆயில் இன்ஜினில் அதற்குள் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) 4 டிகிரிதான் திரும்பும். 2000 சுற்றில் ஓடும் டிராக்டரில் 12 டிகிரி, 4000 சுற்றில் ஓடும் காரில் 24 டிகிரி. பிஸ்டன் இறங்கவே ஆரம்பித்துவிடும். அதனால்தான் வேகமான இன்ஜினுக்கு நல்ல சீட்டேனும், டீசலைப் பனிபோலத் தெளிக்கும் அழுத்தமும் வேண்டியிருக்கிறது. எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜின்கள் முதலில் ஒரு சொட்டு விட்டு அது பற்றிய பிறகே மீதியைப் பீய்ச்சுகின்றன. காரைக்கால் துறைமுகத்துக்கு வரும் பெரிய சரக்குக் கப்பல்களின் இன்ஜின் 100 சுற்று அளவில்தான் ஓடும், தார் மாதிரி எண்ணெயையும் எரித்துவிடும்.

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. நம் வாய்க்கால் கரைப் புங்கமரத்து எண்ணெயைப் பயோடீசலாக்கினாலும் சீட்டேன் எண் 50-க்கு மேல் வரும். மெதுவாக ஓடும் பம்புசெட் இன்ஜினுக்கு அது தாராளம். டெல்டாவில் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

அப்புறம், உங்கள் டிராக்டர். விடியலில் சிலிண்டர் சுவர் குளிர்ந்து கிடப்பதால் காற்றின் சூட்டை அது உறிஞ்சிவிடுகிறது, தாமதம் நீள்கிறது. வெள்ளைப் புகை எரியாத டீசல். வண்டி சூடானதும் சத்தம் அடங்கினால் பயமில்லை. சூடான பிறகும் தட்டினால் நாசில் தெளிக்காமல் ஒழுகுகிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.